20 லட்சம் கோடி யாருக்குப் போனது? கொரோனா கால அரசு நடவடிக்கைகள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

ஊரடங்கு முடிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. சங்கரன்கோவிலின் தறிக்கூடங்களிலும் பூ மார்க்கெட்டிலும் அந்த நாட்களைப் பற்றிய கேள்விகள் மட்டும் இன்னும் ஓயவில்லை. அறிவித்த பணம் யாருக்குப் போனது? தவணை கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வங்கி ஏன் வட்டி போட்டது? ஊசி போட்டதால்தான் இளவயதுக்காரர்கள் திடீரென்று சாகிறார்களா? இறந்தவரின் குடும்பத்துக்கு வரவேண்டிய 50,000 ரூபாய் ஏன் வரவில்லை?

இவற்றைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. சில குடும்பங்களின் கடன் கணக்கிலும் வாரிசுக் கணக்கிலும் அந்த இரண்டு ஆண்டுகள் இன்னும் முடியாமல் கிடக்கின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தேடிப் போகும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகிறோம். அரசின் எந்தப் பதிவேட்டில் யார் பெயர் இருந்தது என்பதே அந்த இடம்.

“நாடு முழுக்க 500 பேருக்குத்தான் நோய் இருந்தது. அதுக்கு மொத்த நாட்டையும் பூட்டணுமா?”

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு. அன்றைய அதிகாரபூர்வக் கணக்கு ஐந்நூற்றுச் சொச்சம் பேர்தான். ஆனால் அது பரிசோதனையில் தெரியவந்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே. அந்த மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டில் பரிசோதனைக்கூடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், தேனி, திருவாரூர், திருநெல்வேலி என்று சில இடங்கள்தான். நம் பகுதியில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் சளி மாதிரி திருநெல்வேலிக்குப் போய்வர வேண்டும்.

பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு தழுவிய ரத்தப் பரிசோதனை நடத்தியது. பெரியவர்களில் 0.73 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. ஆள் கணக்கில் சுமார் 64 லட்சம். அந்த மதிப்பீடு குறிக்கும் மே மாதத் தொடக்கத்தில் அரசின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைவிடத் தெரியாதது எத்தனை மடங்கு என்பதற்கு இதுவே சாட்சி.

எனவே ஊரடங்கு தேவையில்லை என்று சொல்ல முடியாது. படுக்கை, முழு உடல் கவசம், பரிசோதனைக்கூடம் ஆகியவற்றைத் தயார் செய்யக் கால அவகாசம் வேண்டியிருந்தது. ஊரடங்கு அதைத் தந்தது. அதை அறிவித்த விதம்தான் தவறு. நான்கு மணி நேர அவகாசத்தில் 130 கோடி மக்களின் நடமாட்டத்தை நிறுத்தினார்கள். கூலி வேலைக்கு வெளியூர் போனவர்கள் என்ன செய்வார்கள் என்று அந்த உரையில் பதில் இல்லை. அவர்களுக்கான முதல் சிறப்பு ரயில் ஓடியது மே 1 அன்று. இடையில் ஐந்து வாரம் போய்விட்டது. தமிழ்நாட்டில் மார்ச் 24 மாலை 6 மணிக்கே 144 தடை வந்துவிட்டதால் நமக்குக் கொஞ்சம் முன்கூட்டியே தெரிந்தது, அவ்வளவுதான்.

நம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. சங்கரன்கோவில் அடங்கிய தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 22. நான்கே மாதம் ஆன மாவட்ட நிர்வாகம், மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டம். அந்த நிலையில் இந்தச் சுமை வந்து விழுந்தது.

“20 லட்சம் கோடியை 138 கோடிப் பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 14,500 வருது. எங்க வீட்டுக்கு ஒண்ணும் வரலையே?”

வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றிய கணக்கு இது. வகுத்தல் சரிதான். ஆனால் வகுப்பதற்கு அப்படியொரு பணம் எந்தப் பெட்டியிலும் இல்லை.

2020 மே 12 அன்று தற்சார்பு இந்தியா திட்டம் அறிவிக்கப்பட்டது. நிதியமைச்சர் ஐந்து நாட்கள் விளக்கிய பிறகு மொத்தக் கணக்கு 20,97,053 கோடி என்று வந்தது. அதில் 8,01,603 கோடி ரிசர்வ் வங்கி அதற்கு முன்பே வங்கிகளுக்குப் புழங்க விட்ட பணம். வங்கிகள் அதைக் கடனாகக் கொடுத்தால்தான் வெளியே வரும். இன்னொரு 3 லட்சம் கோடி சிறுதொழில் கடனுக்கான உத்தரவாதம். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் மட்டுமே அரசின் கையிலிருந்து பணம் போகும். வேறு பல தலைப்புகளும் கடன், மறுநிதி, பல ஆண்டுகளில் செலவிடப்போகும் கட்டமைப்பு நிதி என்ற வகையைச் சேர்ந்தவை.

ஏழை வீட்டை நேரடியாகத் தொட்ட பகுதி எது என்றால், மார்ச் 26 அன்றே அறிவிக்கப்பட்ட 1.70 லட்சம் கோடி ஏழைகள் நலத் தொகுப்பும், நூறு நாள் வேலைக்குக் கூடுதலாக ஒதுக்கிய 40,000 கோடியும், இன்னும் சில சிறு இனங்களும். அரசின் கஜானாவிலிருந்து அந்த ஆண்டு உண்மையில் புதிதாக வெளியேறியது நாட்டின் மொத்த உற்பத்தியில் 2 சதவீதத்துக்கும் குறைவு என்றே அப்போது பல பொருளாதார வல்லுநர்கள் கணக்கிட்டார்கள். பெரிய எண்ணைச் சொன்னவர்கள், அதில் கடன் எவ்வளவு, கொடை எவ்வளவு என்பதை அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். மக்கள் ஏமாற்றப்பட்டதாக இன்றும் நினைப்பதற்கு அந்தத் தெளிவின்மையே முதல் காரணம்.

அந்த ஆண்டு ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியதாக முதல் மதிப்பீடு வந்தது. வீட்டில் வருமானம் அற்றுப்போன நேரத்தில் கடன் வாங்க யார் வங்கிக்குப் போவார்கள்? கையில் காசு கொடுங்கள் என்று ரகுராம் ராஜன், அபிஜித் பானர்ஜி போன்ற பொருளாதார வல்லுநர்கள் கேட்டதன் பொருள் இதுதான்.

“அந்த 1,000 ரூபாய், 500 ரூபாய், 4,000 ரூபாய் எல்லாம் கொடுத்தது டெல்லியா, சென்னையா?”

ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு 2020 ஏப்ரல், மே, ஜூனில் மாதம் 500 ரூபாய் போட்டது மத்திய அரசு. அரிசி அட்டைக்கு 2020 ஏப்ரலில் கிடைத்த 1,000 ரூபாய் மாநில அரசினுடையது. 2021 பொங்கலுக்கு வந்த 2,500 ரூபாயும் மாநிலப் பணமே. 2021 மே, ஜூனில் இரண்டு தவணையாக வந்த 4,000 ரூபாயையும் 14 பொருள் மளிகைத் தொகுப்பையும் ஆட்சி மாற்றத்துக்குப் பின் வந்த மாநில அரசு கொடுத்தது.

அரிசியில் இரண்டு அரசுகளின் பங்கும் கலந்திருக்கிறது. ஆளுக்கு மாதம் 5 கிலோ கூடுதல் தானியம் மத்திய அரசின் திட்டம். நாடு முழுவதும் சுமார் 80 கோடிப் பேர் இதில் அடங்குவார்கள். ஆனால் அது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் முன்னுரிமை அட்டைதாரர்களுக்கானது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டத்துக்குள் வருவோர் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான். மீதிப் பேருக்கு ரேஷன் கடைக் கதவு மூடாமல் இருந்ததற்குக் காரணம், இங்கே அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் அரிசி என்ற பழைய கொள்கை. வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று மாநிலம் பிரிக்கவில்லை.

சங்கரன்கோவில் தறித் தொழிலாளி ஒருவரின் வீட்டை எண்ணிப் பாருங்கள். 2020 பிப்ரவரி வரை வாரக்கூலி வந்த வீடு, எந்த ‘ஏழைகள்’ பட்டியலிலும் இல்லாத வீடு, ஏப்ரலில் அடுப்பெரிக்க வழியில்லாமல் போகிறது. பட்டியல் பார்த்து உதவி செய்யும் முறையில் அந்த வீடு தப்பிவிடும். எல்லோருக்கும் என்ற முறையில் தப்பாது. கொரோனா காலத்தில் தமிழ்நாடு செய்தவற்றில் ஆகப் பெரியது எதுவென்று கேட்டால், தடுப்பூசி முகாமுக்கும் ஆக்சிஜன் படுக்கைக்கும் முன்பாக இந்த ரேஷன் கடையைத்தான் நான் சொல்வேன்.

“பக்கத்துக் கிராமத்தில் நூறு நாள் வேலை கிடைச்சுது. எங்களுக்கு ஏன் இல்லை?”

சங்கரன்கோவில் நகராட்சி என்பதுதான் காரணம். ஊரக வேலை உறுதிச் சட்டம் ஊராட்சிப் பகுதிக்கு மட்டுமே பொருந்தியது. குருவிகுளம், மேலநீலிதநல்லூர் ஒன்றியங்களில் தறி நின்றவரும் களையெடுப்பு நின்றவரும் ஊராட்சியில் வேலை அட்டை காட்டி, 2020–21ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலியான 256 ரூபாய்வரை பெற வழி இருந்தது. நகராட்சி வார்டில் குடியிருக்கும் விசைத்தறித் தொழிலாளிக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை. மாநில அரசு 2021–22ல் 100 கோடி ரூபாயில் நகர்ப்புற வேலைத் திட்டத்தை முன்னோட்டமாக அறிவித்தபோது முதல் ஊரடங்கு முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

இதே ஓட்டை வேறு இடங்களிலும் இருந்தது. தொழிலாளியின் வருங்கால வைப்பு நிதிப் பங்கையும் முதலாளியின் பங்கையும் சேர்த்து 24 சதவீதத்தை மூன்று மாதம் மத்திய அரசே கட்டும் என்றார்கள். நல்ல திட்டம். ஆனால் பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான். ஆறு தறி, எட்டுத் தறி ஓடும் கூடத்தில் தறி ஓட்டுபவர், பாவு பிணைப்பவர், தார் சுற்றும் பெண்கள் என்று யாருக்கும் பி.எஃப். எண் கிடையாது. கட்டுமானத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர் போன்ற நல வாரிய உறுப்பினர்களுக்கு மாநில அரசு 1,000 ரூபாய் கொடுத்ததும் வாரியத்தில் பெயர் பதிந்திருந்தவர்களுக்குத்தான். விசைத்தறிக்கு அப்போது இரு மாதத்துக்கு 750 யூனிட் மின்சாரம் இலவசம். தறி ஓடினால்தான் அந்தச் சலுகைக்கு அர்த்தம்.

“ஆறு மாசம் தவணை கட்ட வேண்டாம்னு சொன்னாங்க. பிறகு பார்த்தா கடன் கூடியிருக்கு. இது என்ன நியாயம்?”

அதிகம் பேர் மனம் நொந்த விஷயம் இது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி சொன்னது: மார்ச் 1 முதல் மே 31 வரையான தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு அனுமதி உண்டு. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. ‘அனுமதி’ என்பதைக் கவனியுங்கள். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுக்கலாம் என்றது, கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டளையிடவில்லை. அதனால்தான் சில நுண்கடன் நிறுவனங்களின் வசூல்காரர்கள் ஊரடங்கு நேரத்திலும் குழுப் பெண்களின் வீட்டுவாசலில் நின்றார்கள். மேலும், தள்ளிவைத்தது தவணையை மட்டும்தான். வட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு கணக்கு. 12 சதவீத வட்டிக்கு 5 லட்சம் ரூபாய் கடன். மாத வட்டி 5,000. ஆறு மாதத்துக்கு 30,000. அந்த வட்டி மாதாமாதம் அசலில் சேர்ந்து, அதற்கும் வட்டி போட்டால் மொத்தம் சுமார் 30,760. உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கின் முடிவில் கிடைத்த நிவாரணம் எவ்வளவு தெரியுமா? அந்த 760 ரூபாய். வட்டிக்கு வட்டி கூடாது என்று 2021 மார்ச் 23 தீர்ப்பு சொன்னது. 2 கோடி வரையான கடன்களுக்கு அந்த வித்தியாசத் தொகையை மத்திய அரசு 2020 நவம்பரிலேயே வங்கிகள் மூலம் வரவு வைக்க ஏற்பாடு செய்திருந்தது. 30,000 வட்டியைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

எல்லோருக்கும் முழு வட்டியையும் தள்ளினால் சுமார் 6 லட்சம் கோடி ஆகும், வங்கிகள் தாங்காது, டெபாசிட் போட்டவர்களுக்கு வட்டி தரவேண்டுமே என்று மத்திய அரசு வாதிட்டது. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் அல்லது யாருக்குமில்லை என்ற இரண்டு வழி மட்டும்தானா இருந்தது? இரண்டு மூன்று லட்சத்துக்கு உட்பட்ட தறிக்கடன், குழுக்கடன், ஆட்டோக் கடன்களின் வட்டியை மட்டுமாவது அரசு ஏற்றிருக்கலாம். அரசே கடையை, தறியை, வண்டியை நிறுத்தச் சொன்ன காலத்துக்கான வட்டி அது. இதைக் கருணையாகப் பார்க்க வேண்டியதில்லை, நியாயமாகவே கேட்கலாம் என்பது என் எண்ணம்.

“பிணை இல்லாத கடன் 3 லட்சம் கோடின்னு சொன்னாங்க. பேங்க்ல போய்க் கேட்டா உங்களுக்கு இல்லைன்னுட்டாங்க.”

அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தின் விதி அப்படி. 2020 பிப்ரவரி 29 அன்று உங்கள் தொழிலின் பெயரில் ஏற்கெனவே வங்கிக் கடன் நிலுவையில் இருந்திருக்க வேண்டும். அந்த நிலுவையில் 20 சதவீதம் கூடுதலாகத் தருவார்கள். 3 லட்சம் நிலுவை இருந்தவருக்கு 60,000 ரூபாய். வங்கிகளில் வட்டி 9.25 சதவீதத்துக்கு மேல் கூடாது, முதல் ஓராண்டு அசல் கட்ட வேண்டாம். தகுதி உள்ளவர்களுக்கு இது உண்மையிலேயே கைகொடுத்தது. அதனால்தான் உத்தரவாத வரம்பைப் பிறகு 4.5 லட்சம் கோடி, 5 லட்சம் கோடி என்று உயர்த்தினார்கள்.

நகையை அடகு வைத்தும், நூல் கடையில் சிட்டை எழுதியும், கைமாற்று வாங்கியும் தறி போட்டவருக்கு வங்கியில் தொழில்கடன் கணக்கே இல்லை. அவருக்கு 20 சதவீதம் எதன்மீது கணக்கிடுவது? வங்கியை நம்பாமல் இருந்தவர் அல்ல அவர். வங்கிதான் அவரைச் சேர்த்துக்கொள்ளாமல் இருந்தது. தள்ளுவண்டி, நடைபாதை வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் வந்த ஸ்வநிதி 10,000 ரூபாய்க் கடனில் மட்டும் இந்தக் குறை ஓரளவு தீர்ந்தது. வியாபாரச் சான்று இல்லாதவர்களும் நகராட்சியின் பரிந்துரைக் கடிதத்தை வைத்து அதை வாங்க வழி வைத்தார்கள்.

“உதவிக்குப் பணம் இல்லைன்னா பெட்ரோல் வரி எங்கே போச்சு?”

2020 மார்ச், மே என்று இரண்டு முறை கலால் வரி உயர்ந்தது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு 19.98 ரூபாயாக இருந்தது 32.98 ஆனது. டீசலுக்கு 15.83லிருந்து 31.83. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை விழுந்தபோது அந்தப் பலன் பங்க்குக்கு வரவில்லை, வரியாகப் போனது. 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் குறைத்தார்கள். வரி வருவாய் விழுந்த ஆண்டில் அரசு ஓட இந்தப் பணம் உதவியது உண்மை. அப்படியும் 3.5 சதவீதம் என்று திட்டமிட்ட நிதிப் பற்றாக்குறை 2020–21ல் 9 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் டீசல் வரி வேனில் பூ ஏற்றுபவர், டிராக்டர் ஓட்டுபவர், பஸ்ஸில் போகிறவர் என்று எல்லோர் தலையிலும் சமமாக விழும். வருமானம் இழந்தவரிடமே வசூலிப்பது எளிது என்பதால் அது சரியாகிவிடாது.

“இரண்டாவது அலையில் ஆக்சிஜன் இல்லாம ஒருத்தரும் சாகலைன்னு பாராளுமன்றத்தில் சொன்னாங்களே?”

2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் மத்திய சுகாதார இணையமைச்சர் தந்த பதிலின் சாரம் இது: ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறப்பு என்று மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் தனியாகத் தெரிவிக்கவில்லை. யாரும் சாகவில்லை என்பதும் யாரும் எழுதி அனுப்பவில்லை என்பதும் ஒன்றல்ல. சுகாதாரம் மாநிலத்தின் பொறுப்பு என்று மத்திய அரசு சொன்னது. மாநிலங்களோ அப்படியொரு காரணத்தைச் சான்றிதழில் எழுதவில்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் 2021 மே 4 இரவு 13 பேர் இறந்தபோது, பற்றாக்குறை காரணமில்லை என்றது நிர்வாகம். உறவினர்கள் அதை ஏற்கவில்லை.

நாட்டில் ஆக்சிஜனே இல்லாமல் போய்விடவில்லை. உருக்காலைகள் இருக்கும் ஜார்க்கண்ட், ஒடிசா பக்கம் அது நிறையத் தயாரானது. டெல்லிக்கும் பிற ஊர்களுக்கும் அதைக் கொண்டுவரும் குளிர்கலன் லாரிகள்தான் போதவில்லை. தென்மாவட்டங்களுக்கு அருகிலேயே இரண்டு வழி இருந்தது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும் இஸ்ரோ மையம், தன்னிடம் இருந்த திரவ ஆக்சிஜனைத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அனுப்பியது. இன்னொன்று, 2018ல் மூடப்பட்ட தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை. ஆக்சிஜனுக்கு மட்டும் திறக்க 2021 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, மே நடுவில் முதல் லாரி கிளம்பியது. அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 13 பேரைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்த ஊர் அந்த லாரியை எந்த மனநிலையில் பார்த்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

மே 21 அன்று தமிழ்நாட்டின் ஒருநாள் தொற்று 36,184ஐத் தொட்டது. மூச்சுத்திணறலோடு சங்கரன்கோவில் அரசு மருத்துவமனைக்கு வந்தவரின் நிலை மோசமானால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்குச் சுமார் 55 கிலோமீட்டர் போயாக வேண்டும். எத்தனை லட்சம் கோடி அறிவித்தாலும் அந்தத் தூரத்தை ஒரு வாரத்தில் குறைக்க முடியாது. பல பத்தாண்டுகளாகச் செய்யாமல் விட்டது அந்த மே மாதத்தில் வந்து நின்றது.

“இரண்டாவது ஊசிக்கு நாளைத் தள்ளிக்கிட்டே போனாங்க. மருந்து இல்லாததாலதானே?”

தடுப்பூசித் திட்டம் 2021 ஜனவரி 16ல் தொடங்கியது. கோவிஷீல்டுக்கு முதலில் 4 முதல் 6 வாரம், மார்ச்சில் 6 முதல் 8, மே 13 அன்று 12 முதல் 16 வாரம் என்று இடைவெளி மாறியது. இடைவெளி கூடினால் பாதுகாப்பு கூடுகிறது என்பதற்குப் பிரிட்டனிலிருந்து ஆதாரம் இருந்தது. ஆனால் 12 வாரத்துக்கு மேல் போவதற்குப் போதிய தரவு இல்லை என்று அரசின் ஆலோசனைக் குழுவைச் சேர்ந்த சில அறிவியலாளர்களே ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் சொன்னார்கள். மருந்துத் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த வாரத்தில் முடிவு வந்ததால் மக்கள் சந்தேகப்பட்டதைக் குறைசொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய தவறு விலையில் நடந்தது. 2021 மே 1 முதல் 18 முதல் 44 வயது வரையானோருக்கு மாநிலங்களே மருந்து வாங்கிக்கொள்ளலாம் என்றது மத்திய அரசு. தனக்கு 150 ரூபாய்க்குக் கிடைத்த அதே கோவிஷீல்டு மாநிலத்துக்கு 300. கோவின் செயலியில் முன்பதிவு கட்டாயம் என்பதால் ஸ்மார்ட்போன் இல்லாதவர் வரிசைக்கே வர முடியவில்லை. மே 31 அன்று உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் கடுமையாகக் கேள்வி கேட்டது. ஒரு வாரத்தில் பிரதமர் கொள்கையை மாற்றி அறிவித்தார். ஜூன் 21 முதல் 75 சதவீத மருந்தை மத்திய அரசே வாங்கி இலவசமாகக் கொடுத்தது. அதன்பிறகு வேகம் கூடியது. செப்டம்பர் 12ல் தமிழ்நாட்டில் மெகா முகாம் தொடங்கியது. அக்டோபர் 21 அன்று நாடு 100 கோடி டோஸைத் தாண்டியது.

“ஊசி போட்டதிலிருந்துதான் சின்ன வயசுக்காரங்க மாரடைப்பில் போறாங்க. உண்மையா?”

இதைக் கேட்பவர்கள் பயந்துபோய்க் கேட்கிறார்கள். அதை அறியாமை என்று ஒதுக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

கோவிஷீல்டுக்கு ஓர் அரிய பக்கவிளைவு உண்டு: தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறைதல். பிரிட்டன் நீதிமன்றத்தில் அஸ்ட்ராஜெனகா அதை ஒப்புக்கொண்ட செய்தி 2024ல் இங்கே பெரிதாக வந்தது. மருத்துவ உலகம் 2021லேயே அறிந்ததுதான். இந்தியாவில் 2021 மே மாதம் அரசின் குழு ஆராய்ந்து, ரத்த உறைவு, ரத்தக்கசிவு சார்ந்த பாதிப்பு 10 லட்சம் டோஸுக்கு 0.61 என்று சொன்னது. இது பெரும்பாலும் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் தெரியும். மூன்று நான்கு ஆண்டு கழித்து வரும் மாரடைப்புக்கும் இதற்கும் தொடர்பு காட்டும் ஆதாரம் இல்லை.

திடீர் மரணங்களைப் பற்றித் தனி ஆய்வே நடந்தது. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் முன்னின்று, நாடெங்கும் 47 மருத்துவமனைகள் வழியாக 18 முதல் 45 வயதுக்குட்பட்டோரின் காரணம் தெரியாத திடீர் இறப்புகளை ஆராய்ந்தது. தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை என்பது முடிவு. கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்திருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நிகழ்ந்திருப்பது, இறப்பதற்கு முன் அளவுக்கு மீறிக் குடித்தது, உடலுக்குக் கடும் உழைப்பு கொடுத்தது ஆகியவையே ஆபத்தோடு தொடர்புடையவையாகத் தெரியவந்தன. நாற்பது வயதில் நெஞ்சுவலி என்றால் ஊசியை நினைத்து வீட்டில் உட்கார்ந்திருக்காமல் உடனே இ.சி.ஜி. எடுக்கப் போக வேண்டும். வீட்டில் அப்படி வீணாகும் ஒரு மணி நேரம்தான் உயிரைப் பறிக்கிறது.

“எங்க அப்பா 2021 மே மாசம் இறந்தார். சான்றிதழில் கொரோனான்னு இல்லை. 50,000 ரூபாய் கிடைக்கலை. இனிமே ஏதாவது செய்ய முடியுமா?”

அரசு தானாக முன்வந்து அறிவித்த தொகை இல்லை இது. 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி நிவாரணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொன்ன பிறகு நிர்ணயிக்கப்பட்டது. பணம் மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து வருகிறது.

சாதாரண இறப்புச் சான்றிதழில் காரணம் எழுதியிருக்காது. அது இல்லை என்பதற்காக மனுவைத் தள்ளக் கூடாது என்றது நீதிமன்றம். தொற்று உறுதியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் இறந்திருந்தால், வீட்டில் இறந்திருந்தாலும் அது கொரோனா இறப்பே. அந்த 30 நாளில் தற்கொலை செய்துகொண்டவரின் குடும்பத்துக்கும் உரிமை உண்டு. நிமோனியா என்று மருத்துவமனை எழுதியிருந்தால், பரிசோதனை முடிவு, சி.டி. ஸ்கேன், சிகிச்சைச் சீட்டு ஆகியவற்றோடு மாவட்டக் குழுவிடம் முறையிட்டு கொரோனா இறப்பு என்ற ஆவணம் கேட்க வழி வைத்தார்கள்.

ஆனால் பலரிடம் கேட்டால் பரிசோதனையே எடுக்கவில்லை என்பார்கள். அந்த மே மாதத்தில் படுக்கை தேடி அலைந்தவர்களிடம் காகிதம் எங்கிருந்து வரும்? நாட்டின் அதிகாரபூர்வக் கொரோனா இறப்பு 5.33 லட்சம். உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 47 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2022ல் மதிப்பிட்டது. அது கணித ஊகம், ஏற்க முடியாது என்றது இந்திய அரசு. பிறகு அரசின் சொந்தப் பதிவுத் துறையே வெளியிட்ட கணக்கில் 2020ல் பதிவான இறப்புகள் சுமார் 81 லட்சம், 2021ல் ஒரு கோடியே 2 லட்சம். ஒரே ஆண்டில் 21 லட்சம் கூடியிருக்கிறது. பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் ஒரு காரணமாக இருக்கலாம். முழுக் காரணமும் அதுவே என்று நம்புவதற்கு, அந்த மே மாதத்தைப் பார்க்காதவராக இருக்க வேண்டும்.

காலக்கெடுவைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் 20க்கு முன் இறந்தவர்களுக்கு விண்ணப்பிக்க உச்ச நீதிமன்றம் அந்த மார்ச் 24 முதல் 60 நாள் கொடுத்தது. அது முடிந்துவிட்டது. ஆனால் உரிய காரணத்தால் தவறவிட்டவர்கள் குறைதீர்க் குழுவை அணுகலாம் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. மனு ஏற்கப்படும் என்ற உறுதியை யாரும் தர முடியாது. இடைத்தரகர் யாராவது உறுதி தந்தால் காசு கொடுக்காதீர்கள். தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகளுக்கு மாநில அரசு அறிவித்த 3 லட்சம், இருவரையும் இழந்தவர்களுக்கான 5 லட்சம் வைப்புத்தொகை ஆகியவை தனித் திட்டங்கள். அவற்றைப் பற்றி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள்.

இறப்பே இன்னும் பதிவாகவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். ஓராண்டு கடந்துவிட்டதால் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். சங்கரன்கோவில் வருவாய்க் கோட்டத்தைச் சேர்ந்தவர்கள் இங்குள்ள கோட்டாட்சியர் அலுவலகத்திலேயே மனு கொடுக்கலாம். ஆதார், ரேஷன் அட்டை, கிராம நிர்வாக அலுவலரின் சான்று, மயானத்தில் ரசீது தந்திருந்தால் அது, சிகிச்சைச் சீட்டு ஏதாவது இருந்தால் அதுவும் கொண்டுபோங்கள். கொடுக்கும் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். அதில் தேதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.